சும்மாச் சங்கு

"ஆத்தா, இன்னைக்குச் சும்மாச் சங்குதான். யாரும் ஓடாதீக" என்று சொல்லிக்கொண்டே பெத்துராஜ் ஆற்றோரக் குடிசைகளுக்கு நடுவே விறுவிறுவென்று நடக்கிறார். ஒவ்வொரு வாசலிலும் தலையை நீட்டி, சொன்னது காதில் விழுந்ததா என்று பதில் வாங்கிக்கொண்டுதான் நகர்வார். கைக்குழந்தை இருக்கிற வீடென்றால் கூடுதலாக ஒரு பேச்சு உண்டு. சங்கு ஊதி முடியும்வரை பிள்ளையைத் தொட்டிலில் போடாமல் மடியில் வைத்திருக்க வேண்டும்.

போடி நகராட்சியில் அவர் பியூன். ஆற்றுக்குக் கிட்டத்தில், ஏலக்காய் மூட்டைகள் அடுக்கும் கிட்டங்கியின் மொட்டைமாடியில், சண்டைக் காலத்தில் வாங்கிய, கையால் சுற்றி ஊதும் அபாயச் சங்கு ஒன்று இருக்கிறது. ஜப்பான்காரன் குண்டு போட வருவான் என்று வாங்கியது. அவன் போடியை மறந்துவிட்டான். கொட்டகுடி ஆறு மறக்கவில்லை. ஊரில் வெயில் கொளுத்திக்கொண்டிருக்கும்போதே, மலையில் கொட்டிய மழை திடுதிப்பென்று ஆற்றில் இறங்கிவிடும். குரங்கணிப் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து டெலிபோனில் தகவல் வந்ததும் பெத்துராஜ் மாடிக்கு ஓடிக் கைப்பிடியைச் சுற்ற வேண்டும். சத்தம் கேட்டால் ஆற்றோரத்து ஜனங்கள் மேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஏறிவிட வேண்டும். சங்கு வேலை செய்கிறதா என்று பார்க்க மாதம் ஒரு சனிக்கிழமை சோதனை. சர்க்கார் அதற்கு 'டெஸ்ட்' என்று பெயர் வைத்திருக்கிறது. ஆற்றோரத்தில் அது சும்மாச் சங்கு.

சும்மாச் சங்குக்கும் நெசச் சங்குக்கும் சத்தத்தில் வித்தியாசம் கிடையாது. பெத்துராஜ் வந்து சொல்லிவிட்டு ஊதினால் சும்மா. சொல்லாமல் ஊதினால் நெசம். இப்படி ஓர் ஏற்பாட்டை எந்த அதிகாரியும் உத்தரவு போட்டுக் கொண்டுவரவில்லை. இவர் நடந்து நடந்து தானாக ஏற்பட்டது.

மனிதர் கூச்ச சுபாவி. மனைவி ஜெயபாக்கியத்தைக்கூட உரக்கக் கூப்பிட்டதில்லை. அவரைப் பிடித்து ஊரையே அலற வைக்கும் உத்தியோகத்தைக் கொடுத்திருக்கிறார்கள். ஊதிவிட்டு இறங்கும்போது, கிட்டங்கியில் ஏலக்காய் தரம் பிரிக்கும் பெண்களிடம், "கோவிச்சுக்கிறாதீக" என்று சொல்லாமல் போகமாட்டார். கோழியை அடைவைத்திருக்கும் வீடுகளில் அவர் படும் பாடு தனி. இடிச் சத்தத்துக்கே முட்டை கூமுட்டையாகிவிடும் என்கிறவர்கள் சங்கை லேசில் விடுவார்களா? அடைக்கூடையில் இரும்புத்துண்டும் அடுப்புக்கரியும் போடச் சொல்லிச் சமாதானம் செய்வார். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற வேதக்காரர்தான், ஆனாலும் அந்த விஷயத்தில் அவருக்கு இரும்பின்மேல் நம்பிக்கை உண்டு.

போன வருஷம் ஒரு சோதனை நாளில், சிலமலைக் கல்யாணத்துக்குப் போனவருக்குத் திரும்பும் வழியில் பஸ்சு மக்கர் செய்துவிட்டது. நேரமாகிவிட்டதே என்ற பதற்றத்தில் வந்திறங்கியதும் நேரே மாடி ஏறிச் சுற்றிவிட்டார். பாதியில் நிமிர்ந்து பார்த்தால், சட்டி பானையும் பிள்ளை குட்டியுமாக ஆற்றோரமே மேட்டைப் பார்த்து ஓடிக்கொண்டிருக்கிறது. சொல்லாமல் ஊதிவிட்டோம் என்பது அப்போதுதான் உறைத்தது. அடித்துப்பிடித்து இறங்கி ஓடினார். குடிசைகள் எல்லாம் காலி. ஒன்றிலிருந்து மட்டும் இருமல் கேட்டது.

உள்ளே பாயில் மொக்கம்மாள் கிடந்தாள். மலையில் ஏலக்காய் பறிக்கையில் சறுக்கி விழுந்து இடுப்பு ஒடிந்தவள். ஐம்பது வயதுக்குள் எழுந்து நடமாட்டம் இல்லாமல் போய்விட்டது. பக்கத்து வீட்டார் தூக்கிக்கொள்வார்கள் என்று தங்கை மகள் ஓடியிருக்கிறாள். தங்கை மகள் தூக்கியிருப்பாள் என்று பக்கத்து வீட்டார் ஓடியிருக்கிறார்கள்.

"தண்ணி எம்புட்டுத் தூரத்துல வருது அப்பு?" என்று நிதானமாகக் கேட்டாள்.

"தண்ணி வரலக்கா. சும்மாச் சங்கு. சொல்ல மறந்துட்டேன்."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். பெத்துராஜ் அந்த மண்தரையிலேயே உட்கார்ந்து அழுதார். நெசமாகவே தண்ணீர் வந்திருந்தால் இவளை யார் தூக்கியிருப்பார்கள்?

மேட்டிலிருந்து திரும்பியவர்கள் அவரை வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். ஏச்சை வாங்கிக்கொண்டே அவர் கூட்டத்தில் தவசியைத் தேடினார். தவசி கிட்டங்கியில் மூட்டை தூக்குகிறவன், நல்ல திடகாத்திரமான ஆள். "மாப்ளே, இனிமே சங்கு கேட்டா ஒனக்கு மொத லோடு மொக்கம்மாக்காதான். சும்மாச் சங்குன்னாலும் தூக்கிப் பழகணும்" என்றார். தவசி சரி என்றான்.

அதற்குப் பிறகு மொக்கம்மாளுக்குச் சும்மாச் சங்குதான் திருவிழா. தவசியின் முதுகில் மேட்டுக்குப் போய், ஊரையும் மலையையும் ஆகாயத்தையும் கண்ணாரப் பார்த்துவிட்டு வருவாள். அன்றைக்குக் காலையிலேயே தலைவாரி, வெளுத்த சேலை கட்டிக் காத்திருப்பாள். பெத்துராஜ் சொல்ல வந்தால், "வெரசாப் போய் ஊது அப்பு, தவசிக்கு வேற சோலி வந்துரும்" என்று விரட்டுவாள்.

ஐப்பசியில் நெசச் சங்கு வந்தது. நல்ல வெயில் நேரம், வானத்தில் ஒரு பொட்டு மேகமில்லை. ஆனால் பெத்துராஜ் வந்து சொல்லவில்லை, சங்கு மட்டும் அலறுகிறது. அது போதும், ஆற்றோரம் கலைந்து ஓடியது. மாடியிலிருந்து தவசியின் தலை தெரிகிறதா என்று பார்த்தார். அந்தக் கூட்டத்தில் யாரையும் அடையாளம் தெரியவில்லை. மொக்கம்மாள் ஏறிவிட்டாளா என்று தெரியாமல் சங்கை நிறுத்த அவருக்கு மனசு வரவில்லை. செந்தண்ணீர் வந்து குடிசைகளை வாரிக்கொண்டு போன பிறகும் சுற்றினார். உள்ளங்கைத் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. நகராட்சி ஆள் வந்து தோளைப் பிடித்து இழுத்த பிறகுதான் கைப்பிடியை விட்டார்.

பொழுது சாயும் வேளையில் பள்ளிக்கூடத்துக்குப் போனார். சுவரோரம் சாய்ந்தபடி மொக்கம்மாள் உட்கார்ந்திருந்தாள். தவசி மற்ற எவரையும் தொடும் முன்பே அவளைக் கொண்டுவந்து இறக்கியிருந்தான். பெத்துராஜ் தவசியைக் கட்டிக்கொண்டார். அன்றைக்கு ஏசிய வாய்கள் எல்லாம் இன்று அவரைப் பார்த்து, நல்லா இருக்கணும் என்று வாழ்த்தின. குடிசை போனாலும் ஓர் உயிர்கூடப் போகவில்லை.

ஏலக்காய் வியாபாரிகள் அனுப்பிய சாம்பார்ச் சோறு வந்தது. மொக்கம்மாள் அவரைப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். "அன்னைக்கு நீ மறக்காம இருந்திருந்தா, இன்னைக்கு நான் கெடந்த எடத்துலயே போயிருப்பேன்" என்றாள். அவர் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். துணி சுற்றிய வலது கையில் விரலை மடக்க முடியவில்லை.

மொக்கம்மாள் இலையைத் தன் பக்கம் இழுத்துப் பிசைந்தாள். ஒரு கவளம் உருட்டி அவர் வாய்க்கு நேரே நீட்டினாள். பள்ளிக்கூடமே பார்த்துக்கொண்டிருந்தது. பெத்துராஜ் வாயைத் திறந்தார்.