வெள்ளைப் பூ யாருக்கு

காதுப் பரிசோதனை அறையில் என் கையில் கொடுத்த அந்தப் பட்டன் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. காலிங் பெல் அளவுதான் இருக்கும். ஹெட்போனில் சத்தம் கேட்டால் அமுக்க வேண்டும், கேட்காவிட்டால் சும்மா இருக்க வேண்டும். இதைவிட எளிதான பரீட்சையை நான் எழுதியதில்லை. வலது காதில் நன்றாகத் தேறினேன். இடது காதில் ஒன்றுமே கேட்கவில்லை. அதை ஒப்புக்கொள்ளப் பயமாக இருந்ததால் உத்தேசமாக ஒரு தாளம் பிடித்து அமுக்க ஆரம்பித்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் கதவைத் திறந்து, "சார், இன்னூ ஸ்டார்ட்டே மாடில்லா" என்றாள். இன்னும் ஆரம்பிக்கவே இல்லையாம். வெளியே பெஞ்சில் காத்திருந்த மாமாவிடம் இதைச் சொன்னபோது இருமிக்கொண்டே சிரித்தார். "மைன்ஸ்ல செக்கப் வெப்பாங்கல்ல, நானும் அதான் பண்ணேன் மச்சான். பக்கத்துல இருக்கிறவன் தலையாட்டினா நானும் ஆட்டிடுவேன்."

மாமா என்றால் என் அக்காவின் கணவர். கோலார் தங்கவயலில் பாறை துளைக்கும் மெஷினைப் பிடித்து, வலது காதைச் சுரங்கத்திலேயே விட்டுவிட்டு வந்தவர். சுரங்கம் மூடிய பிறகு ரயிலில் பெங்களூருக்கு வந்து போய் வாட்ச்மேன் வேலை பார்த்தார். கடைசியில் ஜோகுபாளையத்தில் எங்கள் தெருவுக்கே குடிவந்தார். எனக்கு இடது காது போனதும் நாங்கள் இருவரும் பொருத்தமான ஜோடி ஆனோம். அவர் என் வலப்பக்கம் உட்கார்ந்தால் நல்ல காதும் நல்ல காதும் பக்கத்தில் வரும், ரகசியம்கூடப் பேசலாம். இடப்பக்கம் உட்கார்ந்தால் இரண்டு செவிட்டுச் சுவர்கள். அப்போது இருவரும் தலையாட்டுவோம். காது கேட்காதவனுக்கு அதைவிட மரியாதையான தப்பித்தல் கிடையாது.

ஸ்கேனில் கட்டி தெரிந்தது. அக்கூஸ்டிக் நியூரோமா என்று பெயர் சொன்னார்கள். புற்று இல்லை, மெதுவாக வளருவது, ஆனால் மூளையை அழுத்த ஆரம்பித்துவிட்டது, எடுத்தே ஆக வேண்டும். காது திரும்பாது. அது போகட்டும் என்று விட்டுவிடலாம். முகத்தை அசைக்கும் நரம்பு அந்தக் கட்டியோடு ஒட்டிக்கொண்டு போகிறது என்றார்கள், அங்கேதான் நான் ஆடிப்போனேன். அந்த நரம்பு கெட்டால் பாதி முகம் தொங்கிவிடும். ஆபீஸில் மேனேஜர் போல முகத்தைக் கோணிக் காட்டியும், கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் திருட்டு முழியை முழித்துக் காட்டியும் பெயர் வாங்கியவன் நான். ஐம்பது வயதுக்குள் சம்பாதித்தது அந்த முகம் ஒன்றுதான்.

யாரிடம் போவது? தெருவில் ஆளுக்கு ஓர் ஆஸ்பத்திரி சொன்னார்கள். "பேசாம வேலூர் போயிடுடா" என்றாள் அக்கா. நான் யூடியூபில் மண்டையைத் திறக்கும் வீடியோக்களைப் பார்த்தேன். அதற்குப் பிறகு தேங்காய் உடைக்கிறவர்களைப் பார்த்தாலே விலகி நடந்தேன். அலைந்து அலைந்து கடைசியில் இரண்டு சர்ஜன்கள் மிஞ்சினார்கள். பெரியவர், ஏர்போர்ட் போன்ற ஆஸ்பத்திரியில் இருந்த வெள்ளை முடிக்காரர். "முழுசா எடுத்துடலாம், கவலைப்படாதீங்க" என்றார். இந்த ஆபரேஷன் எத்தனை செய்திருக்கிறீர்கள், எத்தனை பேருக்கு முகம் தப்பியது என்று அவரிடம் கேட்கக் கண்ணாடி முன் ஒத்திகை பார்த்துப் போயிருந்தேன். அவர் எதிரே உட்கார்ந்ததும், "டாக்டர், வண்டியைக் கீழேயே விடலாமா?" என்றுதான் வாயில் வந்தது. விடலாம் என்றார். சின்னவர், பழைய கட்டடம் ஒன்றில் இருந்தார். அவரிடம் கேள்வியைச் சரியாகக் கேட்டுவிட்டேன், பதில்தான் பிடிக்கவில்லை. "நரம்போட ஒட்டியிருக்கிற இடத்துல கொஞ்சம் விட்டுவெப்பேன். அது திரும்ப வளரலாம். அப்படி விட்டாலும் முகத்துக்கு உத்தரவாதம் தர முடியாது."

நான் தினமும் ஒரு முடிவு எடுத்து, சாப்பிடுவதற்குள் மாற்றிக்கொண்டிருந்தேன். மாமாவால் தாங்க முடியவில்லை. "நம்மளால ஆகாது மச்சான். அம்மனைக் கேட்டுடுவோம்" என்றார். ஆடி வெள்ளியன்று அல்சூரில் ஓர் அம்மன் கோயிலுக்குப் பூக்கட்டிப் பார்க்கப் போனோம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், இரண்டையும் அம்மன் காலடியில் வைப்பார்கள்; பூசாரி ஒன்றை எடுத்துக் கொடுப்பார். எந்தப் பூ எதற்கு என்று நினைத்துக்கொள்வது நம் பொறுப்பு. ஒரு தடவைதான் கேட்கலாம். உள்ளே பம்பைச் சத்தம் மண்டையைப் பிளந்தது. கூட்டம் தள்ளியதில் மாமா என் இடப்பக்கம் போய்விட்டார். குனிந்து ஏதோ சொன்னார், நான் தலையாட்டினேன். நானும் சொன்னேன், அவரும் ஆட்டினார்.

வெள்ளை வந்தது. மாமா கண்ணில் ஒற்றிக்கொண்டார். எனக்கும் பல நாள் கழித்து மூச்சு சீராக வந்தது. வெளியே செருப்பு மாட்டும்போதுதான் அவர் என் வலப்பக்கம் வந்தார்.

"பெரியவர் கைல ஒப்படைச்சிட்டா. இனிமே பயமில்ல."

"பெரியவரா? வெள்ளை சின்னவருக்கு மாமா."

"வெள்ளை முடிக்காரருக்கு வெள்ளைன்னு சொன்னேனே. நீ தலையாட்டுனியே."

"வெள்ளை சின்னவருக்குன்னு நானுந்தான் சொன்னேன். நீங்களும் ஆட்டுனீங்களே."

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கோயில் வாசலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். மறுபடி கேட்கலாமா என்றேன். "கூடாது மச்சான். அவ சொல்லிட்டா. நமக்குத்தான் வெளங்கல" என்றார்.

நான் சின்னவரிடம் போனேன். பக்தியும் இல்லை, அறிவும் இல்லை, பயம்தான். முழுதாக எடுத்துவிடலாம் என்ற பெரியவரின் பேச்சில் என் முகமும் சேர்ந்து போய்விடும்போல இருந்தது. ஆபரேஷன் நன்றாகவே நடந்ததாகச் சொன்னார்கள். கண் விழித்தபோது இடது பாதி முகம் என்னுடையதாக இல்லை. நரம்பு அறுபடவில்லை, நூலாக மெலிந்திருந்தது, உயிர் வரலாம், வராமலும் போகலாம் என்றார் சின்னவர். வரவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு மாமா தினமும் சாயங்காலம் வந்து என் வலப்பக்கம் உட்காருவார். ஒருநாள் பொறுக்க முடியாமல், "பெரியவர்கிட்ட போயிருந்தா முகம் தப்பிச்சிருக்குமா மாமா?" என்று கேட்டேன். நல்ல காதுப் பக்கம்தான் உட்கார்ந்திருந்தார். காதில் விழாதவர்போல மெதுவாகத் தலையாட்டினார்.

அடுத்த மழைக்காலத்தில், சுரங்கத் தூசு குடியிருந்த அவர் நுரையீரல் அடங்கிவிட்டது. சாவு வீட்டில் என் இடது கண் மூடாமல் தன்பாட்டுக்கு வடிந்துகொண்டிருந்தது. அழுகையில் வாய் வலது பக்கமாக இழுத்துக்கொண்டது. "இந்த நேரத்துலயும் சிரிக்கிறான் பாரு" என்று உறவுக்காரர் ஒருவர் சொன்னது என் நல்ல காதில் விழுந்தது.

விட்டுவைத்த துண்டு வளர்ந்திருக்கிறது என்று போன வாரம் ஸ்கேனில் சொன்னார்கள். பெரியவரா, சின்னவரா, வேலூரா, எல்லாம் முதலிலிருந்து. மிச்சமிருக்கும் காதைச் சோதிக்க மறுபடி அந்த அறையில் உட்கார வைத்தார்கள். பட்டனைக் கொடுத்தார்கள். இந்த முறை வேறொரு பெண். கண்ணாடிக்கு அப்பால் அவள் ஏதோ சரிபார்த்துக்கொண்டிருந்தாள். நான் தாளம் பிடித்து அமுக்கினேன். அவளும் கதவைத் திறந்து, இன்னும் ஆரம்பிக்கவே இல்லை என்று அதையே சொன்னாள். கண்ணாடியில் என் வலது பாதி சிரித்தது.

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன், வலப்பக்கம் ஓர் ஆளுக்கு இடம் விட்டு. சொல்வதற்கு நல்ல கதை ஒன்று இருந்தது.