ஏ.சி.க்கு விட்ட ஓட்டை

சங்கரன்கோவில் தாலுகா ஆபீசில் குற்றாலநாதனைப் போல முன்யோசனைக்காரர் இன்னொருவர் கிடையாது. ஆடிக்காற்றுக்கு ஆனியிலேயே கொடிக்கயிற்றை இறுக்கிக் கட்டிவிடுவார். பக்கத்திலிருக்கும் கரிவலம்வந்தநல்லூருக்குப் போனாலும் மாற்றுவேட்டி எடுத்துக்கொள்வார். அப்படிப்பட்ட மனிதர் எண்பத்து நாலில் வீடு கட்ட ஆரம்பித்தால் சும்மா இருப்பாரா?

அவர் மனைவி காந்திமதியம்மாளுக்கு அந்த வீட்டில் ஒரே ஒரு ஆசைதான். அடுப்படியின் தெற்குச் சுவரில் ஒரு சன்னல் வேண்டும். வாடகை வீட்டு அடுப்படியில் வெந்து, கழுத்திலும் முதுகிலும் வேர்க்குரு மாறாமல் காலம் தள்ளியவள். ஆனால் வீட்டுச் சன்னல்கள் எண்ணிக்கையில் இரட்டைப்படையாக இருக்கவேண்டும் என்பது அங்கே வழக்கம். வரைபடத்தில் கணக்கு சரியாக வந்துவிட்டது, இனி ஒன்று கூட்டினால் இடிக்கும் என்று குற்றாலநாதன் மறுத்துவிட்டார். முன்னால் பட்டாசாலையில் ஒன்றைக் குறைக்கலாமே என்றாள் அவள். நாலு பேர் வந்து உட்காரும் இடம், அங்கே குறைத்தால் வீட்டுக்கு என்ன மதிப்பு என்றார். அவளுக்கு மனசு ஆறவில்லை.

சுவர் இடுப்பளவு எழும்பியிருந்தபோது ஒரு கல்யாணத்துக்காகத் திருநெல்வேலி போன குற்றாலநாதன், லாட்ஜில் ஏ.சி. அறையில் ஓர் இரவு படுத்தார். வந்தது வினை. அங்கே மெஷின்களைப் பார்த்துக்கொள்ளும் ரசூலைப் பிடித்து எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டார். மெஷினை எப்போது வேண்டுமானாலும் வாங்கலாம், இடத்தை மட்டும் இப்போதே விட்டுவிட வேண்டும், பூசிய சுவரைப் பின்னால் உடைத்தால் வீடு நாறிப்போகும் என்றான் ரசூல். வெயில் விழாத வடக்குச் சுவர்தான் நல்லது. தண்ணீர் வடிய வெளிப்பக்கம் கொஞ்சம் சரிவு. மீட்டரிலிருந்து தடித்த வயரில் தனி லைன்.

ஊர் திரும்பியதும் முதல் வேலையாக மூக்காண்டி கொத்தனாரிடம் சொல்லி, படுக்கையறையின் வடக்குச் சுவரில் தேக்குச் சட்டம் போட்டு ஓட்டை விடச் செய்தார். எருமை வாங்கும் முன்னே நெய்க்கு விலை பேசுகிறார் என்று ஆபீசில் சிரித்தார்கள். சிரிக்காமல் என்ன செய்வார்கள்? சாயங்காலமானால் அந்த ஊர் பல்பு பீடி நெருப்பு மாதிரிதான் எரியும்.

காந்திமதியம்மாள் சிரிக்கவில்லை. ஓட்டையைப் பார்த்தாள். பிறகு வீட்டைச் சுற்றி விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தாள்.

"இதையும் சேத்தா ஒத்தப்படையால்லா வருது?"

"இது சன்னல் இல்லட்டி. மெஷினுக்கு விட்ட எடம்."

"மெஷின் வாரது வரைக்கும் காத்துதான வரும்? காத்து வந்தா சன்னல்தான். ஒத்தப்படை வீட்டுல நான் பால் காய்ச்ச மாட்டேன்."

குற்றாலநாதன் கொத்தனார் முகத்தைப் பார்த்தார். மூக்காண்டி தூக்குக்குண்டைப் பார்த்தார். ஓட்டையை அடைக்க மனசு வரவில்லை. மனைவி இல்லாமல் பால் காய்ச்சவும் முடியாது. இன்னொரு சன்னல் திறப்பதைத் தவிர வழியில்லை. எங்கே என்று அவர் யோசிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அடுப்படியின் தெற்குச் சுவரில் அவள் கரித்துண்டால் கோடு போட்டு வைத்திருந்தாள்.

குடிவந்து வருஷங்கள் ஓடின. ஏ.சி. வரவில்லை. ஓட்டைக்குப் பலகைக் கதவு மாட்டி, அதன் கட்டையில் சவரக் கண்ணாடியை வைத்துக்கொண்டார். அடுப்படியிலோ ஆனி பிறந்தால் குற்றாலத்துப் பக்கத்துக் காற்று குளுகுளுவென்று வரும். காந்திமதியம்மாளின் வேர்க்குரு போன இடம் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் குற்றாலநாதனும் பாயைத் தூக்கிக்கொண்டு அங்கேதான் வருவார்.

ஒரு தடவை அவருக்குச் சம்பளப் பாக்கி மொத்தமாக வந்தது. அதற்குள் ஊரில் கரண்டும் ஒருமாதிரி தேறியிருந்தது. கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தவள் தானாகவே பேச்சை எடுத்தாள்.

"இத்தன வருசம் ஆசப்பட்டிய. மெஷின வாங்கி மாட்டிருங்களேன்."

பாயில் படுத்திருந்தவர் கண்ணைத் திறக்கவில்லை.

"மாட்டினா அந்த ஓட்ட சன்னல் கணக்குல வராதுல்லா. ஒத்தப்படையாயிரும். பெறவு ஒன் சன்னல அடைக்கணும்."

அவளுக்குச் சந்தோஷம்தான். அவர் முகத்துக்குக் காற்று படும்படி கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்துகொண்டாள்.