பர்மனென்ட் வேலையும் பேட்டரி விமானமும்

நெய்வேலி அனல்மின் நிலையத்தில் எங்கள் யூனிட்டை மூடிய பிறகும் எங்கள் ஷிப்ட் இன்சார்ஜ் மஞ்சள் ஹெல்மெட்டோடுதான் வேலைக்கு வருவார். அதைக் கழற்றி மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார். டர்பைன் இரைச்சலில் கத்திப் பேசியே பழகியவர். அது நின்றுபோன அமைதியிலும் கத்தித்தான் பேசுவார். "என்னய்யா பாக்கற? மிஷினுக்குத்தான் ரிட்டையர்மென்ட்டு. நான் பர்மனென்ட்டு!" நாங்கள் சிரிப்போம். புதிய மின்நிலையத்துக்கு மாற்றல் வந்தபோது, பழகிய மிஷினே போதும் என்று மறுத்தவர் அவர். சிரித்து முடித்ததும் சன்னலோரம் போய் வெகுநேரம் நிற்பார். அப்போது அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருக்கும்.

கொஞ்ச நாளாக அவர் நினைவு என்னை விடுவதாக இல்லை. என் மகள் ஒரு விமான நிறுவனத்தில் பராமரிப்புப் பொறியாளர். அவள் பழுதுபார்க்க உரிமம் வாங்கியிருக்கும் வகை விமானங்கள் எரிபொருளை அதிகம் குடிக்கின்றனவாம். நிறுவனம் அவற்றைக் கைவிடப்போகிறது. கடைசி விமானம் போகும்வரை அங்கேயே இருக்கலாம், பிறகு வேறு ஏதாவது பிரிவில் உட்காரவைப்பார்கள். இதற்கிடையில், மின்சாரத்தில் பறக்கும் சிறு விமானம் செய்யும் ஒரு புது நிறுவனம் அவளை அழைத்திருக்கிறது.

நெய்வேலியில் பெண் கேட்டு வருகிறவர்களிடம் நாங்கள் முதலில் கேட்பது ஒன்றுதான்: பையன் பர்மனென்ட்டா, காண்ட்ராக்ட்டா? புது வேலையைப் பற்றி மகளிடமும் அதையே கேட்டேன்.

"அப்பா, இப்ப நான் வேலை பாக்கற விமானமே காண்ட்ராக்ட்தான். எல்லாம் வாடகைக்கு எடுத்தது. கெடு முடிஞ்சா திருப்பிக் குடுத்துடுவாங்க."



அந்தப் புது இடத்தை அவள் பார்க்கப் போன அன்றே சோதனை மேடையில் ஒரு பேட்டரி தீப்பிடித்துக்கொண்டது. வெளியே ஓடிவந்து எனக்குத்தான் முதலில் போன் செய்தாள். "எனக்கு ஒண்ணும் இல்லப்பா" என்றாள். பின்னால் சைரன் அலறியது. நிலக்கரிக் குவியல் தானாகப் புகைவதை நான் பார்க்காத நாளில்லை. தண்ணீரைப் பீய்ச்சிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவோம். அது தரையில் புகைவது. இவளுடைய பேட்டரியோ ஆட்களை ஏற்றிக்கொண்டு வானத்தில் போக வேண்டியது.

"அங்க போவ வாணாம்னு ஒரு வார்த்த சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பா" என்றாள் மனைவி.

கேட்பாள். அதுதான் என் பயம்.

நேற்று மாலை மகள் போன் செய்தாள். "நாளைக்குப் பதில் சொல்லணும்பா. என்ன சொல்றீங்க?"

"தீப்பிடிச்சுதே, அப்புறம் அவங்க என்ன பண்ணாங்க?"

"சூடு ஆறினதும் ஏன் பிடிச்சுதுன்னு பிரிச்சுப் பாக்க ஆரம்பிச்சுட்டாங்க. நானும் கூட ஒக்காந்துட்டேன். சாப்பிடக்கூட மறந்துட்டேம்பா."

எங்கள் இன்சார்ஜ் தம் கடைசி ஆண்டுகளில் பிரித்துப் பார்க்க எதுவுமில்லாமல் உட்கார்ந்திருந்தார்.

"போம்மா" என்றேன். மனைவி என்னை முறைத்துவிட்டு எழுந்து உள்ளே போனாள். "ஆனா வேலை முடிஞ்சதும் தெனமும் ஒரு போன் பண்ணிடு."

இன்று காலை பதில் அனுப்பிவிட்டாளாம். வேலையில் சேர இன்னும் நாளிருக்கிறது. நான் அதற்குள் போனைக் கையில் பிடித்துக்கொண்டு குவார்ட்டர்ஸைச் சுற்றிச்சுற்றி வருகிறேன்.