கும்பிட்டால் சோதனை

துறைமுக வாசலில், திருட்டுச் சரக்கு வெளியே போகாமல் பார்க்க ஒரு சோதனைக்காரர் இருந்தார். காக்கித் தலைப்பாகை, வெற்றிலைச் சிவப்பேறிய மீசை. மாலையில் திட்டிக்கொண்டே போகிறவனைத் தொடமாட்டார். கும்பிடுகிறவனின் மடியை உதறிப் பார்ப்பார். குமாஸ்தாவான நான் தினமும் கும்பிட்டேன். தினமும் என் சோற்றுத் தூக்கைத் திறக்க வைத்தார்.

ஒருநாள் பொறுக்க முடியாமல், “கும்பிட்டது குத்தமாய்யா?” என்றேன்.

“குத்தமில்ல நைனா. ஒண்ணும் எடுக்காதவன் என்னை எதுக்குக் கும்புடணும்? நான் இன்னா சாமியா?”

மறுநாள் கும்பிடவில்லை, விட்டுவிட்டார். வீட்டுக்கு வந்த பிறகுதான் என் காதில் ஆபீஸ் பென்சில் செருகியிருந்தது தெரிந்தது.

அடுத்த மாலை துறைமுகத்தின் வெள்ளைக்காரத் துரையின் மோட்டார் வெளியே போனது. சோதனைக்காரர் தரை தொடக் குனிந்து சலாம் வைத்தார். நிமிர்ந்தவர் என்னைப் பார்த்து, “என் மடிய யாரு நைனா பாக்குறது?” என்றார்.

கேலியா, வாக்குமூலமா? இன்றும் எனக்கு விளங்கவில்லை.