மடியில் இருந்த படிகம்

வெங்கிடேஸ்வரன் கல் வளர்த்தவர். மட்டாஞ்சேரியில் அப்படிச் சொன்னால்தான் ஆளுக்குத் தெரியும். எர்ணாகுளத்துக்கு அப்பால் ஒரு சர்வகலாசாலையில் பௌதிகம் சொல்லிக்கொடுத்தார், படிகங்களைப் பற்றி ஆராய்ச்சி செய்தார் என்றெல்லாம் சொன்னால், "ஓ, ஸ்படிகமா?" என்பார்கள். அடுத்த வீட்டு ஆவுடையம்மாள் அவரைப் பார்க்கும்போதெல்லாம் கேட்பாள்.

"ஏண்டா வெங்கிடேஸ்வரா, இத்தனை வளக்கறயே, எனக்கு ஜபத்துக்கு ஒரு மாலை கோத்துக் குடுக்கப்படாதோ?"

"இது தண்ணி பட்டா கரைஞ்சுடும் மாமி."

"கரையற ஸ்படிகமா? அதுக்கா இவ்வளவு படிச்சே?"

அவர் சிரித்துக்கொண்டே போய்விடுவார். சிரிக்காமல் என்ன செய்வது? வேலை நிரந்தரமாகாமல் எட்டு வருஷம் ஓடியிருந்தது. வருஷா வருஷம் ஒரு கடுதாசி வரும், இன்னும் ஒரு வருஷம் இருக்கலாம் என்று.

எழுபத்தேழாம் வருஷம் பெங்களூரில் ஓர் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வேறு மாதிரிக் கடுதாசி வந்தது. நெல்லிக்காய் அளவுக்கு, உள்ளே கீறலோ மூட்டமோ இல்லாமல் ஒரு படிகம் வளர்த்து நவம்பருக்குள் அனுப்ப வேண்டும். அது சரியாக இருந்தால் அங்கேயே நிரந்தர வேலை. வெங்கிடேஸ்வரன் அந்தக் கடுதாசியை சுவாமி முன்னால் வைத்துவிட்டுத்தான் மனைவி ஸ்வர்ணலதாவிடம் சொன்னார். அவள் நாலாம் கிளாஸ் வரை படித்தவள். இங்கிலீஷ் தெரியாது. ஆனால் நெல்லிக்காய் தெரியும்.

"அவ்வளவுதானே? பகவான் தருவார்" என்றாள்.

ஆவணி பிறந்ததும் சர்வகலாசாலைப் பிள்ளைகளின் சமரம், அதாவது வேலைநிறுத்தம், தொடங்கியது. பௌதிகத் துறையைப் பூட்டிவிட்டார்கள். வெங்கிடேஸ்வரன் யார் யாரையோ கெஞ்சி, கண்ணாடித் தொட்டி, மோட்டார், தெர்மாமீட்டர் எல்லாவற்றையும் போட்டில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார். உள் ஜாடியைக் கடைசிவரை மடியிலேயே வைத்திருந்தார். ஜெட்டியில் அரிசி கோடவுனில் சுமையெடுக்கும் பாலையா தொட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டான்.

"சாமி, மீன் வளக்கவா?"

"இல்லை பாலையா, கல்லு வளக்க."

"கல்லா! அதுக்கு ஏன் சாமி தொட்டி? நம்ம கோடவுன் அரிசியில தன்னால வளருதே, வந்து அள்ளிக்கிட்டுப் போங்க."

தெருவில் லாரி போனால் வாசல் அறை அதிரும். ஆகவே பூஜை அறையை ஒட்டி 'உள்' என்று சொல்லும் சின்ன அறையில் தொட்டியை அமைத்தார். வெளித் தொட்டியில் இளஞ்சூட்டுத் தண்ணீர். அதற்குள் ஜாடி, ஜாடிக்குள் கரைசல். நூலில் கட்டிய கடுகளவு விதைக்கல் அதில் தொங்கியது. மூடியில் ஒரு ஓட்டை, அதன் வழியே ஒரு கம்பி இறங்கி மெல்லச் சுற்றும். சூட்டை நாளுக்கு நாள் மயிரிழை மயிரிழையாகக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். கல்கண்டு கட்டுவது போலத்தான், ஆனால் ஐம்பது நாள்.

"நீ இதை எப்படிப் பாத்துக்கணும்னா" என்று தொடங்கி வெங்கிடேஸ்வரன் தயங்கினார். பிறகு, "மடியா வெச்சுக்கோ. அவ்வளவுதான்" என்றார்.

ஸ்வர்ணலதாவுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை. மறுநாளிலிருந்து குளித்து ஈரத்தலையோடுதான் அந்த உள்ளுக்குள் போவாள். வேறு யாரையும் விடமாட்டாள். அவர் பகலில் ஒரு டுடோரியலில் பாடம் எடுக்கப் போய்விடுவார். கரெண்ட் போனால் அடுப்பில் தயாராயிருக்கும் வெந்நீரை வெளித் தொட்டியில் விட்டு, தெர்மாமீட்டரில் அவர் இங்க்கால் கீறி வைத்த கோட்டில் பாதரசம் நிற்கும்வரை கண் எடுக்கமாட்டாள். விஷ்ணு சகஸ்ரநாமம் ஒரு தடவை முடிவதற்குள் பெரும்பாலும் கரெண்ட் வந்துவிடும்.

ஒரு மாதத்தில் அது வளர்ந்தது. சுண்டைக்காய் ஆனது, பிறகு இலந்தை அளவு. அத்தனை தெளிவு, நூல் மட்டும் இல்லாவிட்டால் அங்கே ஒன்று இருப்பதே தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வெங்கிடேஸ்வரன் முன்பு வளர்த்த சின்னப் படிகம் ஒன்றை மீட்டரில் மாட்டி, "இதுகிட்டக் கையைக் கொண்டு வா. தொடாதே" என்றார். அவள் கொண்டுபோனாள். முள் நகர்ந்தது.

"ஐயோ! என்னன்னா இது?"

"உன் கைச்சூடு. அதுக்குத் தெரியறது, பாத்தியா?"

நாற்பத்தோராம் நாள் துர்காஷ்டமி. சாயங்காலம் புத்தகங்களைப் பூஜைக்கு வைத்தார்கள். வெங்கிடேஸ்வரன் தன் கணக்கு நோட்டைத் தானே கொண்டுவந்து வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். விஜயதசமி காலைவரை இனி அதைத் தொட முடியாது. ஸ்வர்ணலதா அர்ச்சனை முடித்துவிட்டு எழுந்தவள், உள்ளைப் பார்த்தாள். அரிவாள்மணைக்கும் இடுக்கிக்கும்கூடச் சந்தனம் வைத்தாயிற்று. வீட்டுக்குச் சோறு போடப்போகிற ஆயுதம் மட்டும் தனியாக நிற்கிறதே என்று மனசு கேட்கவில்லை. மடி குறையாமல் எட்டி நின்று, நாலு அட்சதையும் ஒரு நுள்ளு குங்குமமும் தூவி, "அம்மா, நீதான் காப்பாத்தணும்" என்று கும்பிட்டாள். ஜாடியை அவள் தொடவே இல்லை.

மகாநவமி காலை. ஜாடியின் அடியில் ரவை கொட்டினாற்போல வெள்ளை வெள்ளையாக ஆயிரம் கல். நூலில் தொங்கியது பால் நிறத்தில் மூடிப்போயிருந்தது.

அந்தக் கரைசல் அப்படிப்பட்டது. அதற்குள் ஒரு தூசி விழுந்தால் போதும், அதைப் பிடித்துக்கொண்டு ஊரே வளர ஆரம்பித்துவிடும். வெங்கிடேஸ்வரன் ஜாடிக்குள் குனிந்து பார்த்தார். பிறகு கம்பியை நிறுத்தினார். ஸ்வர்ணலதா வாசற்படியில் நின்றிருந்தாள்.

"ராத்திரி கரெண்ட் போயிருக்கும்" என்றார், அவளைப் பார்க்காமல்.

கரெண்ட் போகவில்லை. அவள் தலைக்கு மேல் மின்விசிறி விடியும்வரை ஓடியது அவளுக்குத் தெரியும். குங்குமம் எப்படி அழுக்காகும்? தேவியின் பாதத்தில் இருந்தது அல்லவா? அதற்கு மேல் சுத்தம் உலகத்தில் உண்டா? ஆனாலும் அந்த வெள்ளை ரவையைப் பார்த்ததும், மூடியின் ஓட்டை வழியே உள்ளே விழுந்தது எது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. சொல்ல வாயைத் திறந்தாள். அவர் ஜாடியைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்புறம் போய்விட்டார். தானே கழுவினார்.

பால் நிறத்துக் கல்லைப் பஞ்சில் சுற்றி, ஒரு கடுதாசி எழுதி, பெங்களூருக்கு அனுப்பினார். வேலை கிடைக்கவில்லை. "அவாளுக்கு வேற ஆள் கிடைச்சுட்டானாம்" என்று மட்டும் வீட்டில் சொன்னார்.

அதன் பிறகு வெங்கிடேஸ்வரன் கல் வளர்க்கவில்லை. சமரம் முடிந்தது. பீங்கான் பக்கம் போனார். வெள்ளைப் பொடிகளை அரைத்து, பித்தான் போல அழுத்தி, தெருக்கோடியில் போட்ட உலையில் சுட்டு, இரண்டு பக்கமும் வெள்ளி பூசி, அதற்கு மின்சாரம் கொடுத்தால் அது கீச்சென்று பாடும். அதைப் படகுக்கு அடியில் கட்டினால் கடலின் ஆழம் சொல்லும் என்று தோப்பும்படித் துறைமுகத்துக்கு ஒரு பை நிறையக் கொண்டுபோனார். படகுக்காரர்கள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, ஜப்பான் சாமானையே வாங்கினார்கள். சுடுகிறபோது பாதியில் கரெண்ட் போய், பத்துக்கு ஏழு வெடித்துவிடும். கரெண்ட் போனதாக அவர் சொன்ன பொய்யைத் தெய்வம் நிஜமாக்கிவிட்டதோ என்று பிற்பாடு ஸ்வர்ணலதா நினைத்ததுண்டு. அப்போது அவளுக்கு அது வேண்டுமென்றே சொன்ன பொய் என்று தெரியாது. அவர் நிஜமாகவே நம்பிவிட்டார், தான்தான் மறைக்கிறோம் என்று ஒன்பது வருஷம் தினமும் பகவானிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

எண்பத்தாறில் ஒரு பெரிய பதவிக்கு மனு போட வேண்டியிருந்தது. அதற்குப் பழைய காகிதங்கள் வேண்டும். வெங்கிடேஸ்வரன் உலையை விட்டு வர முடியாது என்று, பாங்கில் வேலை பார்க்கும் தம்பி ராமபத்ரனை அனுப்பினார். மன்னியும் மச்சினனுமாக இரும்புப் பெட்டியைத் திறந்தார்கள்.

"மன்னி, இது பெங்களூர்க் கடுதாசி. எழுபத்தேழு" என்றார் ராமபத்ரன்.

"படி. தமிழ்ல சொல்லு."

அவர் ஒரு வரி படித்து, ஒரு வரி சொன்னார். "கல்லு வந்து சேந்துதாம். உள்ள சின்னச் சின்னதா சிவப்புத் துகள் இருக்காம். அதைப் பத்தி நீங்க ஒண்ணும் எழுதலையேன்னு கேக்கறா. தூசி விழுந்ததுதான் காரணம்னா மார்ச்சுக்குள்ள வேற ஒண்ணு வளத்து அனுப்பலாமாம். ஆனா கரெண்ட் போனதுதான் காரணம்னு நீங்களே ஒரே கடுதாசியில ரெண்டு தடவை எழுதியிருக்கறதாலே..." அவர் நிறுத்தினார்.

"சொல்லுடா."

"கரெண்ட் நிக்காத ஊர்லேருந்து வேலை நடக்கும்னு நம்ப முடியலையாம். அவ்வளவுதான் மன்னி. அண்ணா இதை எங்கிட்ட சொல்லவே இல்லை, கேட்டேளா!"

கடுதாசிக்கு அடியில் அந்தக் கணக்கு நோட்டு இருந்தது. ஸ்வர்ணலதா புரட்டினாள். எண்ணெல்லாம் நின்றுபோன பக்கத்தில் தேதி மட்டும் எழுதியிருந்தது. அது விஜயதசமி. அதன் பக்கத்தில், செல்லோடேப்புக்கு அடியில், அரைத் துண்டு மஞ்சள் அரிசி.

ராமபத்ரன் எட்டிப் பார்த்தார். "இது என்ன மன்னி?"

"ஒண்ணும் இல்லை. அட்சதை" என்று நோட்டை மூடினாள்.

அன்று சாயங்காலம் வெங்கிடேஸ்வரன் சட்டையெல்லாம் வெள்ளைப் பொடியோடு வந்தார். காகிதம் கிடைத்ததா என்று கேட்டார். கிடைத்தது என்றாள். அவள் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, போகாமல் நின்றாள். இத்தனை வருஷத்தையும் இப்போது எந்த வார்த்தையில் தொடங்குவது? தொடங்கினால், அவர் காப்பாற்றியது எதற்கு என்று ஆகிவிடாதா? கேட்காமல் இருந்தாலும் ஒன்றும் திரும்பி வரப்போவதில்லை.

"ஏன்னா" என்றாள்.

அதே நேரம் மின்விசிறி மெல்ல மெல்ல நின்றது.

"உலையிலே இருபது பித்தான் இருக்கு. இன்னிக்கும் அவ்வளவுதான்" என்றார் அவர், மேலே பார்த்தபடி. "இந்த ஊர்க் கரெண்டை நம்பி ஒண்ணும் பண்ண முடியாது, கேட்டியோ."

"ஆமாம்னா" என்றாள் ஸ்வர்ணலதா. "கரெண்ட்தான்."