பிளாஸ்டிக் பூசிய கையெழுத்து

பல்லால் கடித்துக் கிழித்த வெள்ளித்தாள் பொட்டலத்திலிருந்து எழும் புது மையின் மணம் இன்றைக்கும் என் மூக்கை விட்டுப் போகவில்லை. ஆற்றுக்கு அப்பாலிருந்த லவால் நகருக்கு மெட்ரோ ரயில் வந்த வருஷம் அது. எனக்குப் பதினொரு வயது, பள்ளிக்கூட அணியில் கோல் காப்பவள் நான்தான். மூலையிலிருந்த ‘தெப்பனரில்’, அதாவது பாலும் பாணும் விற்கிற சின்னக் கடையில், உதைபந்தாட்ட வீரர் படம் போட்ட அட்டைப் பொட்டலம் வாங்கினால் வாசலைத் தாண்டும்வரைகூட எனக்குப் பொறுமை இருக்காது. அன்றைக்குக் கிழித்த பொட்டலத்தில் ஓர் அட்டையின் குறுக்கே நீல மையில் கையெழுத்து! அச்சடித்ததல்ல, விரலால் தடவினால் பேனா அழுத்திய தடம் தெரிந்தது. செருப்பு ஒன்று கழன்றதும் தெரியாமல் வீட்டுக்கு ஓடினேன்.

லவாலில் அட்டைக்கடை வைத்திருந்த தாடிக்காரர் இதற்கெல்லாம் கதை வைத்திருந்தார். ஒருகாலத்தில் சிகரெட் பெட்டி நசுங்காமலிருக்க வைத்த அட்டையில்தான் ஆட்டக்காரர் படங்கள் வந்தனவாம், பிறகு சூயிங்கம்மோடு வந்தனவாம், கையெழுத்து வேண்டுமென்றால் மைதான வாசலில் மழையில் காவல் நிற்க வேண்டுமாம். பின்னாளில்தான் கம்பனிக்காரரே கையெழுத்து வாங்கிப் பொட்டலங்களுக்குள் ஒளித்து வைத்தார்களாம். எதற்குள் இருக்கிறதென்று ஒருவருக்கும் தெரியாது என்பதுதான் எங்களைப் பைத்தியமாக்கியது.

எனக்குக் கிடைத்தது ஒரு முன்கள வீரரின் அட்டை. நான் உயிரை விட்ட கோல்காப்பாளரின் கையெழுத்து அட்டையோ என் வகுப்பு மத்தியூவிடம் இருந்தது. சனிக்கிழமை தாடிக்காரர் முன்னிலையில் மாற்றிக்கொள்வதாகப் பேச்சு. அந்தச் சனி வரும்வரை எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சாப்பாட்டு மேசையிலிருந்து எழுந்து எழுந்து போய் அட்டையைப் பார்த்தேன், நித்திரையிலும் பந்து பிடித்தேன். “காலிலை சில்லுப் பூட்டியிருக்கோ? ஒரு இடத்திலை இரன் பிள்ளை!” என்று அம்மா கத்திக்கொண்டே இருந்தார்.

எங்கள் வீட்டில் கையெழுத்தும் இலக்கமும் உள்ள கடதாசி எதுவானாலும் தமிழ்க்கடைக்குப் போய் ‘லேமினேட்’ ஆகி, அப்பாவின் கறுப்புச் சூட்கேசுக்குள் படுத்துவிடும். என் அட்டையிலோ இரண்டும் இருந்தன. டவுன்டவுனில் உணவகக் குசினியில் வேலை செய்த அப்பா, வெள்ளிக்கிழமை பின்னேரம் பெருமையோடு அதை என் கையில் தந்தார். விளிம்பெல்லாம் தடித்த பிளாஸ்டிக். “இனி மழை நனைச்சாலும் ஒண்டும் செய்யாது பிள்ளை.”

பிளாஸ்டிக் பூசிய அட்டையை ஒருவரும் மாற்றமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் நப்பாசையோடு மறுநாள் லவாலுக்குப் போனேன். தாடிக்காரர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துத் தலையாட்டினார்: சூடு காட்டி ஒட்டியதைப் பிரிக்க முடியாது, இனி இதை எவரும் தொடமாட்டார்கள். மத்தியூ தன் அட்டையைச் சட்டைப்பைக்குள் போட்டான்.

“உங்களுக்கு ஒரு மண்ணும் தெரியாது!” என்று, வீடு திரும்பியதும் அப்பாவின் முகத்துக்கு நேரே கத்தி, அட்டையைத் தேயிலைச் சக்கை கிடந்த குப்பை வாளிக்குள் எறிந்தேன். அம்மாதான் என்னை இழுத்துப் பிடித்தார். “கலியாணப் பதிவு மழையிலை நனைஞ்சு கையெழுத்துக் கரைஞ்சதாலைதான் எங்களை ஊரிலையிருந்து இஞ்சை கூப்பிட இழுபட்டது. உனக்கு நாலு வயசாகும் மட்டும் அந்த மனுசன் உன்ரை முகத்தைக் காணேல்லை, தெரியுமோ?” தெரியாது. அன்றைக்கு அது என் காதில் ஏறவுமில்லை.

போன மாதம் அப்பா அம்மாவை எங்களோடு இருக்க, கர்க்லாண்டிலுள்ள என் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். தாடிக்காரர் கடை இருந்த இடத்தில் இப்போது கைபேசி விற்கிறார்கள், தெப்பனரும் இல்லை, என் மகன் பொட்டலங்களைக் கிழிப்பதுகூடத் திரையில்தான். கறுப்புச் சூட்கேசை அடுக்கப் போன நான், என் பிறப்புப் பதிவுக்கும் அப்பாவின் குடியேற்றப் பத்திரத்துக்கும் நடுவே அந்த அட்டையைக் கண்டேன். ஒரு தேயிலைக் கறையும் இல்லை.

“பேந்து ஒரு நாளைக்குத் தேடுவாய் எண்டு தெரியும். துடைச்சு வைச்சனான்,” என்றார் அப்பா. இப்போது அவருக்கு எழுத்துத் தெரியாத அளவுக்குக் கண் மங்கிவிட்டது. அட்டையின் பக்கமாக முகத்தைத் திருப்பி, “கையெழுத்து அழியேல்லைத்தானே?” என்று கேட்டார்.

நீல மை வெளிறி, பிளாஸ்டிக்குக்குள் ஒரு கோடுகூட மிஞ்சியிருக்கவில்லை.

“இல்லையப்பா,” என்றேன், “அப்பிடியே இருக்கு.”