மணிக்கட்டில் ஒரு சொட்டு

எண்ணெய்க் கிண்ணத்தை அடுப்பிலிருந்து இறக்கியதும் செல்லக்கனி ஒரு சொட்டைத் தன் மணிக்கட்டின் உட்புறத்தில் விட்டுக்கொண்டு கண்ணை மூடுவார். உள்ளங்கையில் விடமாட்டார். இருபது வருடம் பட்டாசுக்குக் காகித வெடிக்குழாய் சுருட்டிக் காய்த்துப்போன கை அது. அதை நம்பித்தான் ஒருமுறை, தீக்காயத்தில் தோல் ஒட்டிய ஒரு பெண்ணின் காலில் கொப்புளம் கிளப்பிவிட்டார். "ஒட்டுன தோலுக்குச் சூடு தெரியாது. என் கைக்கும் தெரியல. பாவம், அந்தப் புள்ள" என்று இன்றும் சொல்லுவார்.

ஆமத்தூரில் தீக்காய அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்புகிறவர்கள் இவரைத்தான் தேடுகிறார்கள். பச்சிலை, லேகியம் எதுவும் கிடையாது. தேங்காயெண்ணெயும் விரலும்தான். எண்ணெய் தடவலாம் என்று டாக்டர் சொல்லாவிட்டால் வாசலோடு திரும்பிவிடுவார். கெஞ்சினால், "தச்சவுகளுக்குத் தெரியாததா எனக்குத் தெரியும்?" என்பார்.

என் பக்கத்து வீட்டு யோகேஸ்வரிக்கு வலது கை. பட்டாசு வேலையில் வெந்தது. மதுரையில் தொடைத் தோலை எடுத்து ஒட்டினார்கள். காயம் ஆறியது, விரல்கள் மடங்கவில்லை. பதினைந்து நாளில் மடங்காவிட்டால் மறுபடி கத்திதான் என்றார் டாக்டர். அவளுக்கோ அதைவிடப் பெரிய ஏக்கம், தன் கையால் சோறு தின்ன வேண்டும். கணவன் மாரிக்கண்ணன் ஊட்டும்போதெல்லாம் சுவரையே பார்ப்பாள்.

ஆஸ்பத்திரியில் கொடுத்த ரப்பர் பந்தை அமுக்கி முடித்ததும், செல்லக்கனி பழைய காலண்டர் தாளை நீட்டுவார். வெடிக்குழாய் மாதிரி அதைக் கழியில் சுருட்ட வேண்டும். முதலில் தடித்த கழி, நாளாக ஆக மெல்லிசு. "எம்புட்டு வருதோ அம்புட்டு வரட்டும் தாயி." மத்தியான வெயிலில், எண்ணெய் வாசத்தில், தை, மாசி, பங்குனி எல்லாம் சுருண்டு சுருண்டு தரையில் உருளும். பார்த்திருக்கும் எனக்கே கண் சொக்கும். விரல்களை நீவும் செல்லக்கனியும் தூங்குவது போலத்தான் இருப்பார். எந்த விரல் எங்கே இழுக்கிறது என்று மட்டும் முணுமுணுத்துக்கொண்டிருப்பார்.

பதின்மூன்றாம் நாள், சுண்டுவிரல் தவிர மற்றவை மடங்கின. உடனே சோறு கேட்டாள் யோகேஸ்வரி. மாரிக்கண்ணன் அடுப்பிலிருந்து அப்படியே எடுத்து வந்து பருப்பு ஊற்றினான். சுண்டுவிரல் நீட்டிக்கொண்டு நிற்க, ஓர் உருண்டை பிடித்தாள்.

வாய்க்குப் போன கையைச் செல்லக்கனி பிடித்து நிறுத்தினார். சோற்றில் ஆவி பறந்துகொண்டிருந்தது. அந்த உருண்டையை வாங்கித் தன் மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார்.